அசை போடும் சொற்கள் – 14: ஒரு குளோரீன் தொலைந்த கதை

போன கிழமை ஹெலிகொப்டரை எந்த இடத்தில் வெட்டுவது என்று பார்த்தோம். ஹெலிக்கோ என்றால் சுருள், ப்டெரோன் என்றால் சிறகு. கத்தி வைக்க வேண்டியது 'கோ'வுக்குப் பின்னால், 'ஹெலி'க்குப் பின்னால் அல்ல. மீள்பார்வை இவ்வளவுதான். மிச்சம் வேண்டியவர்கள் பழைய இதழைத் தேடி எடுங்கள். அது மீன் சுற்றப் போயிருந்தால் நான் பொறுப்பில்லை.

இந்தக் கிழமை ஆங்கிலச் சொல்லின் அழுத்தம் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தது உண்மை. ஆசிரியர் இரண்டு தரம் கோல் எடுத்து "முடிஞ்சுதா?" என்று கேட்டதும் உண்மை. ஆனால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மருமகள் ஒரு கடதாசியோடு வந்துவிட்டாள். அன்றோடு அழுத்தம் போய்விட்டது.

நாங்கள் இருப்பது கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் மாடி. காலி வீதியின் பஸ் சத்தம் ஒரு பக்கம், கரையோர ரயில் மறுபக்கம். ரயில் போகும்போது கதையை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்தில் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். மருமகள் உயர்தர வகுப்பு. பத்தாம் பதினோராம் வகுப்பு மட்டும் விஞ்ஞானத்தைத் தமிழில் படித்துவிட்டு இப்போது ஆங்கிலத்துக்கு மாறியவள். பள்ளிக்கூட ஆங்கில மன்றத்தில் மலேரியா ஒழிப்புப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டுமாம்.

"மாமா, டீச்சர் இதுக்கு முழுப்பேரும் சொல்லவேணும் எண்டிட்டா. சுருக்கிச் சொன்னா மார்க்ஸ் குறைப்பாவாம்."

கடதாசியில் முப்பத்தொரு ஆங்கில எழுத்து, நடுவில் ஓர் இடைவெளியும் இல்லாமல் நின்றது. நாங்கள் எல்லோரும் மூன்று எழுத்தில் அறிந்த பூச்சிகொல்லியின் முழுப்பெயர்.

"வாசி பாப்பம்."

மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள். "டிச்... லோரோ... டிப்... ஹென்..."

அவ்விடத்தில் நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதேங்கோ மாமா!"

சிரிக்காமல் என்ன செய்வது? பூச்சிகொல்லிக்குள்ளிருந்து ஒரு பேட்டுக்கோழியைப் பிடித்து வெளியே விட்டிருக்கிறாள் பிள்ளை. 'ஹென்' என்று ஒன்று அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. பி என்ற எழுத்தும் எச் என்ற எழுத்தும் சேர்ந்து நின்றால் கிரேக்க வழியில் அது 'ஃப'. இவள் அந்த இரண்டுக்கும் நடுவில் கத்தியை வைத்தாள். பி ஒரு பக்கம் போய் 'டிப்' ஆனது, எச் மறுபக்கம் போய்க் கோழியானது. கோழி பிறந்தது கண்ணிலோ நாக்கிலோ அல்ல, வெட்டு விழுந்த இடத்தில்.

குழல்பிட்டு வெட்டியிருப்பீர்கள். மா ஒரு தட்டு, தேங்காய்ப்பூ ஒரு தட்டு, திரும்ப மா. கோப்பையில் தள்ளியதும் தேங்காய்ப்பூ இருக்கும் இடத்தில் கரண்டியை வைத்தால் துண்டு துண்டாக அழகாக வரும். மாவின் நடுவில் வைத்தால் உதிர்ந்து கொட்டும். நீண்ட விஞ்ஞானச் சொல்லும் அப்படித்தான். தேங்காய்ப்பூ எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன். டை, குளோரோ, டை, ஃபீனைல், ட்ரை, குளோரோ, ஈதேன். ஏழு துண்டு. அதிலும் இரண்டு துண்டு இரண்டு தரம் வருகிறது; ஆகவே தெரிந்துகொள்ள வேண்டியது ஐந்தே ஐந்து சாமான். டை என்றால் இரண்டு, ட்ரை என்றால் மூன்று. குளோரோ என்பது குளோரீன். 1810இல் ஹம்ஃப்ரி டேவி இந்த வாயுவுக்குப் பெயர் வைத்தபோது அதன் வெளிறிய பச்சை நிறத்தைப் பார்த்து, அதே நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்தார். இலையில் இருக்கும் குளோரோஃபிலும் அதே பச்சைதான். "பச்சையம்!" என்றாள் மருமகள். பத்தாம் வகுப்பில் தமிழில் படித்தது கைகொடுக்கும் இடம் இது. ஃபீனைலின் வேரில் ஒளிர்தல் என்ற பொருள் கிடக்கிறது. 1825இல் ஃபரடே முதன்முதல் பென்சீனைப் பிரித்தெடுத்தது விளக்கெரிக்கும் வாயு விட்டுச்சென்ற எண்ணெய்யிலிருந்து. விளக்கின் உறவு அப்படி வந்தது. தமிழ்நாட்டில் வீடு கழுவும் பினாயிலும் இந்த விளக்கு வீட்டுப் பிள்ளைதான். ஈதேனுக்கு வேர், மேலுலக வானத்தைக் குறித்த பழைய கிரேக்கச் சொல். இரண்டு பச்சை, இரண்டு விளக்கு, மூன்று பச்சை, கடைசியில் கொஞ்சம் வானம். நுளம்பு மருந்துக்கு இதைவிட நல்ல பெயர் வேண்டுமா?

பொருள் துண்டு ஏழு. வாயால் சொல்லும் துண்டு எத்தனை? டை, க்ளோ, ரோ, டை, ஃபீ, னைல், ட்ரை, க்ளோ, ரோ, ஈ, தேன். பதினொன்று. அமெரிக்கன் 'ஃபெனில்' என்பான், 'எதேன்' என்பான், எண்ணிக்கை மாறாது. ஆனால் தமிழில் எழுதிப் பாருங்கள், பதின்மூன்று வரும். 'க்ளோ' என்று மெய் இரண்டு ஒட்டிக்கொண்டு தொடங்குவதை நம் எழுத்து விரும்புவதில்லை. நடுவில் ஓர் உகரத்தைச் செருகி 'குளோ' என்கிறது. இரண்டு குளோரோவுக்கு இரண்டு உகரம் இனாம். மருமகளுக்குச் சொன்னேன்: "குவைச் சொல்லாதை பிள்ளை, நினைச்சுக்கொண்டு விழுங்கு."

இங்கே ஒருவர் குறுக்கே வந்தே தீருவார். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இத்தொடரின் மூன்றாம் பகுதியிலிருந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். குற்றச்சாட்டு ஒன்றேதான்: யாப்பின் அசை வேறு, ஆங்கிலக்காரன் எண்ணும் துண்டு வேறு, இரண்டையும் அசை என்று எழுதி மாணவரைக் குழப்பாதீர்கள். ஐயா சொல்வது சரி. ஆங்கிலத்தில் உயிரொலி ஒன்றுக்குத் துண்டு ஒன்று. நம் நிரையசையோ குறிலோடு இன்னோர் எழுத்தைச் சேர்த்து இரண்டு துண்டை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடும். ஆங்கிலக் கணக்கில் நாலு துண்டான கருவிளம் யாப்பில் இரண்டே அசை. ஐயாவைச் சமாதானப்படுத்த உயர்தர இரசாயனவியலை இரவிரவாக அலகிட்டுப் பார்த்தேன். ஈதேன் தேமா. குளோரீன் புளிமா. ஒட்சிசன் கூவிளம். ஐதரசனும் நைதரசனும் கூவிளங்காய். ஆவர்த்தன அட்டவணையை வெண்பாவாக்க யாராவது துணிந்தால் முதல் நாலு சீருக்கு நான் உத்தரவாதம்.

ஆனால் அதே ஐயாவின் யாப்புப் புத்தகத்தில்தான் என் மருமகளின் கோழிக்குப் பெயர் கிடைத்தது. வகையுளி. செய்யுளைச் சீராகப் பிரிக்கும்போது பொருளைப் பார்க்காமல், ஓசைக்காகச் சொல்லின் நடுவில் வெட்டிவிடுவதற்கு இலக்கணகாரர் வைத்த பெயர் அது. பொருள் ஓரிடத்தில் முடிகிறது, ஓசை இன்னோரிடத்தில் முடிகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வகையுளி. இத்தொடரில் பதின்மூன்று கிழமையாக நான் தட்டித் தடவிச் சொல்லிவந்தது இந்த ஒற்றைச் சொல்லுக்குள் கிடந்திருக்கிறது. உலகம் முழுவதும் 'ஹெலி' என்றும் 'கொப்டர்' என்றும் வெட்டிக்கொண்டிருப்பது வகையுளியல்லாமல் வேறென்ன?

அந்த வெட்டுக்குக் காரணமும் இருக்கிறது. 'ப்ட' என்று ஒரு துண்டைத் தொடங்க ஆங்கில நாக்கு வளையாது. சொல்லின் முதலில் அது வந்தால் ப்-ஐ மூடிவிடுகிறார்கள். பறக்கும் பல்லியினத்துக்கு ப்டெரோடக்ரில் என்று எழுதி டெரோடக்ரில் என்கிறார்கள். நிமோனியாவின் முன்னால் நிற்கும் ப்-க்கும் அதே கதி. ஹெலிகொப்டரில் அதே ப் நடுவில் நின்றதால் முன்துண்டில் ஏறித் தப்பிவிட்டது. நாம் 'ரப்பர்' என்று தொடங்கக் கூசி 'இறப்பர்' என்று எழுதுகிறோமே, அதே கூச்சம். வாசலில் நாம் ஓர் இகரத்தை நிறுத்துகிறோம். அவர்கள் வந்தவனையே விரட்டிவிடுகிறார்கள்.

வகையுளியோடு வாழ்வது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதும் அல்ல. மருமகளிடம் கேட்டேன்: "காபனீரொட்சைட்டைச் சொல்லு." கண்ணிமைக்காமல் சொன்னாள். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் இதைப் படித்தால் திடுக்கிடுவார். அங்கே கார்பன் டை ஆக்சைடு. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சோடாப் போத்தலைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்லும் சொல் இது. பொருளால் வெட்டினால் காபன், ஈர், ஒட்சைட்டு. வாயால் வெட்டினால் கா, ப, னீ, ரொட், சைட், டு. எந்தப் பொருள் துண்டின் எல்லையும் வாய்த்துண்டின் எல்லையோடு சேரவில்லை! காபனின் னகரம் ஈரின் ஈகாரத்தோடு ஓடிப்போய்விட்டது. ஈரின் ரகரம் ஒட்சைட்டோடு ஓடிப்போய்விட்டது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் சங்கதி. அரசகருமமொழித் திணைக்களத்தின் காலத்தில் கலைச்சொல் செய்தவர்கள் இரசாயனத்துக்குள் புணர்ச்சி இலக்கணத்தை முழுதாக இறக்கிவிட்டார்கள். உயிருக்கு முன் ஓர், ஈர், மூ. மெய்க்கு முன் ஒரு, இரு, மு. காபனோரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு. வகர உடம்படுமெய் கூடத் தவறவில்லை. கேலி செய்வோர் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் ஓரொட்சைட்டைப் பாருங்கள்: மொனோவும் ஒக்சைட்டும் சேர்ந்தால் மொனோஒக்சைட் வரவேண்டும், வந்தது மொனொக்சைட். ஓர் உயிர் கெட்டது. அவர்களும் புணர்த்தத்தான் செய்கிறார்கள், அதற்கு விதி எண் போடவில்லை.

காபனீரொட்சைட்டைச் சொல்லும் பிள்ளைக்கு இந்தப் பதினொன்று பெரிய காரியமா? அதே விதியில் நுளம்பு மருந்தையும் தமிழாக்கினால் எப்படி வரும் என்று செய்து காட்டினேன். இருகுளோரோ, இருபீனைல், முக்குளோரோ, ஈதேன். விடாமல் புணர்த்தினேன்: இருகுளோரோவிருபீனைன்முக்குளோரோவீதேன். லகரம் மகரத்துக்கு முன் னகரமாவது கூடப் பிசகவில்லை.

மருமகள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, மருந்தே தேவையில்லை. இதைச் சொன்னாலே நுளம்பு செத்துப்போகும்."

இதற்கு நேரெதிர் வழி பிடித்த ஒருவரைச் சொல்லாமல் போகமுடியாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் இன்றும் ஆஸ்பத்திரி இருக்கிறது. மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கியவர் அவர். அங்காதிபாதம், இரணவைத்தியம் என்று தலையணைப் புத்தகங்களாகத் தமிழில் இறக்கியவர், 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்கு வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. மொழிபெயர்ப்பும் இல்லை, அப்படியே எழுதியதும் இல்லை. கெமிஸ்ட்ரியின் வாலை மட்டும் நறுக்கிவிட்டு அங்கே ஒரு தமிழ் 'தம்'மை ஒட்டியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள்: ஆங்கிலத்திலும் மூன்று துண்டு, கெமிஸ்தத்திலும் மூன்று துண்டு. வெள்ளவத்தை ஐயாவுக்காக: நிரை நேர், புளிமா. இங்கே இரசாயனவியலும் அங்கே வேதியியலும் வந்து கெமிஸ்தத்தைத் தள்ளிவிட்டன. பிழைத்திருந்தால் மருமகள் இன்று கெமிஸ்தத்தில் ஏ எடுக்கப் பாடுபட்டிருப்பாள்.

சரி, இந்தக் கிழமை என்னை நித்திரை கொள்ளவிடாத விஷயத்துக்கு வருகிறேன். இது இந்தத் தொடருக்கு வெளியே கூட யாரும் எழுதியதாக நான் காணவில்லை. எழுதியிருந்தால் சொல்லாதீர்கள், சந்தோஷம் கெட்டுவிடும்.

மருமகள் தன் குறிப்பின் தலைப்பில் தமிழில் 'டி.டி.ரி.' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் தமிழ்நாட்டில் அச்சான ஒரு பொது அறிவுப் புத்தகம், அதில் 'டி.டி.டி.' மேலோட்டமாகப் பார்த்தால் இது பழைய சண்டைதான். ஆங்கில ரீ-யை அவர்கள் 'டி' என்பார்கள், நாம் 'ரி' என்போம். அவர்களுக்கு டெலிபோன், டிக்கெட், டீ; நமக்கு ரெலிபோன், ரிக்கற், பிளேன்ரீ. சென்னையிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் கடைப்பலகையில் 'ரீ' என்று பார்த்துவிட்டு "அது என்ன ரீ?" என்று கேட்டிருக்கிறார். குடித்தபின்தான் நம்பினார்.

நாம் ஏன் இப்படி எழுதுகிறோம்? யாழ்ப்பாணத்தான் 'வெற்றி' என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறது என்று கவனியுங்கள். பல்லிலும் இல்லை, அண்ணத்தின் வளைவிலும் இல்லை; பல்லுக்குப் பின்னாலுள்ள முரசு மேட்டில். ஆங்கிலக்காரன் தன் ரீ-யைச் சொல்வதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். கடலுக்கு அப்பால் 'வெற்றி' பெரும்பாலும் 'வெட்ரி' போல உருண்டுவிட்டது. அந்த நாக்குக்கு ஆங்கில ரீ-க்குக் கிட்டிய சரக்கு டகரம்தான். நமக்கு றகர வீட்டிலேயே பொருத்தமான ஒலி இருந்தது. அதனால் சொல்லின் கடைசியில் ற் போட்டோம்: மார்க்கற், ரிக்கற். தொடக்கத்தில் ரகரத்தை ரீ-க்கு ஒதுக்கிவிட்டு, ஆங்கில ஆர்-க்கு றகரத்தைக் கொடுத்தோம்: றேடியோ, றோயல், றோட்டு. வெளியார் தலைகீழ் என்பார்கள். உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது.

இப்போது கவனியுங்கள். அந்தப் பூச்சிகொல்லியின் மூன்று எழுத்தில் கடைசி ரீ எதற்காக நிற்கிறது? ட்ரை. ட்ரைகுளோரோ. மூன்று குளோரீன். இரண்டும் மூன்றும் ஐந்து, மூலக்கூற்றில் மொத்தம் ஐந்து குளோரீன் அணு. அந்த 'ட்ரை'யை எடுத்துவிட்டு 'டை' வைத்தால்? இருகுளோரோ இருபீனைல் இருகுளோரோ ஈதேன். ஒரு குளோரீன் கழன்று அந்த இடத்தில் ஓர் ஐதரசன். இது நான் கட்டிய கதையல்ல. அப்படியொரு பொருள் நிசமாகவே உண்டு. முதல் மருந்து மண்ணிலும் உடம்பிலும் சிதையும்போது பிறப்பது அது. ஒரு காலத்தில் அதையும் தனியாகப் பூச்சிகொல்லியாக விற்றார்கள். ஆங்கிலத்தில் அதன் மூன்றெழுத்துப் பெயர் மூன்று டீ. தமிழில்: டி.டி.டி.!

அதாவது தமிழ்நாட்டு எழுத்துக்கூட்டில் இரண்டு மருந்துக்கும் ஒரே பெயர். நம் எழுத்துக்கூட்டில் ஒன்று டி.டி.ரி., மற்றது டி.டி.டி. ரகரத்துக்கும் டகரத்துக்கும் இடையில் ஒரு குளோரீன் அணு தொங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த இரவு மனைவியை எழுப்பிச் சொன்னேன். "விடியச் சொல்லக்கூடாதா?" என்றாள். விடியவும் சொன்னேன்.

இதில் யாருக்கும் வெற்றிக்கொடி இல்லை. நம் 'ரி'யைத் தெரியாத தமிழர் ஆர் என்று வாசிப்பார். அப்போது மருந்தே வேறாகிவிடும். நான் சொல்லவந்தது வேறு. ரெலிபோன் ஆகட்டும் டெலிபோன் ஆகட்டும், மணி அடித்தால் எடுத்துக் கதைக்கலாம். எழுத்துக்கூட்டு அங்கே வெறும் ஊர்வழக்கு. விஞ்ஞானச் சொல்லில் அப்படி விடமுடியாது. ஒவ்வொரு துண்டும் ஓர் எண்ணையோ ஓர் அணுவையோ தூக்கிக்கொண்டு நிற்கிறது. துண்டு மங்கினால் சுமையும் விழுந்துவிடும். அதனால்தான் எங்கே வெட்டுவது என்று இத்தனை கிழமையாக உங்கள் பொறுமையைச் சோதிக்கிறேன்.

மருமகளின் பேச்சுக்குத் திரும்புவோம். 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகி, அடுத்த ஆண்டின் முதல் மாதங்களுக்குள் எண்பதாயிரம் பேர் வரை செத்துப்போனார்கள். நோயைக் காவிய நுளம்பின் இனம் அனோஃபிலிஸ். இதையும் நாம் 'அனோ – ஃபிலிஸ்' என்றுதான் வெட்டுகிறோம். மூட்டு இருப்பதோ 'அன்'னுக்குப் பின்னால்: அன் இன்மை, ஒஃபெலோஸ் பயன். பயனற்றது என்று பெயர். எவ்வளவு மெத்தனமான பெயர் என்று அந்தக் கேகாலைத் தாய்மாரைக் கேட்டிருக்கவேண்டும்.

அதே 1935 பெப்ரவரியில் அமெரிக்காவில் புதிர் போடுவோர் சங்கம் ஒன்றின் தலைவர் எவரட் ஸ்மித் விளையாட்டாக ஒரு நோய்ப்பெயர் கட்டினார். நியூமொனோ, அல்ட்ரா, மைக்ரொஸ்கொப்பிக், சிலிக்கோ, வொல்க்கேனோ, கோனியோசிஸ். 45 எழுத்து, 19 துண்டு. எரிமலையின் நுண்தூசியால் நுரையீரலுக்கு வரும் நோயாம். பத்திரிகை அதைச் செய்தியாக்கியது, பின்னால் அகராதியும் ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் என்று பொது அறிவுப் போட்டிகளில் இன்றும் கேட்கிறார்கள். கட்டியவர் மூட்டுகளை ஒழுங்காக வைத்ததால் அது சொல்லவும் சுகம். அந்த மாதத்தில் இங்கே ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது வெறும் நாலு துண்டுச் சொல்.

நம் பதினொரு துண்டுச் சாமானை 1874இலேயே ஒருவர் ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார். என்னத்துக்கு உதவும் என்று தெரியாமல் கிடந்தது. 1939இல் சுவிட்சர்லாந்தின் போல் முல்லர் அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டார். 1948இல் நோபல் பரிசு. இங்கே 1946 அளவில் வீடு வீடாகச் சுவருக்கு அடிக்கத் தொடங்கினார்கள். வவுனியாப் பக்கம் இருந்த என் பெரியப்பா வீட்டு மண்சுவரில் அந்த வெள்ளைப் படிவைக் கையால் தடவிப் பார்த்து அடி வாங்கியதாக அப்பா சொல்வார். 1963இல் நாடு முழுவதற்கும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். முடிந்தது என்று அடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பிறகு நுளம்பும் அந்த மருந்துக்குப் பழகிப்போக, வேறு மருந்து, வேறு வழி, நீண்ட பாடு. 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. பதினேழில் நிறுத்திய அந்த அவசரத்தைப் பேச்சில் கட்டாயம் சொல்லச் சொன்னேன். மார்க்ஸ் முழுப்பெயருக்கு மட்டும் என்றால் நான் என்ன செய்ய.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே காலி வீதியில் பஸ் கொண்டக்டர் கத்துகிறான். கொள்ளுப்பிட்டிய என்பதில் பாதியை விழுங்கி, 'கொல்பிட்டி, கொல்பிட்டி' என்று காதில் விழுகிறது. சிங்களத்தில் மூட்டு 'கொள்ளு'வுக்கும் 'பிட்டிய'வுக்கும் நடுவில். பிட்டிய என்றால் வெளி, மைதானம். வெள்ளைக்காரன் அந்த உகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொல்பெற்றி ஆக்கினான். நாம் குளோரீனுக்கு ஓர் உகரம் கடன் கொடுத்தோம், அவன் கொள்ளுப்பிட்டியில் ஒன்றைப் பறித்துக்கொண்டான். கணக்குச் சரி. பக்கத்துப் பம்பலப்பிட்டியில் மட்டும் ஏன் கைவைக்கவில்லை என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி என்னை இன்னொரு கிழமை விழுங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருமகள் கோல் எடுத்தாள்.

"மாமா, பதினொண்டும் வந்தது! கோழி வரேல்லை. எல்லாரும் கைதட்டினவை."

"பிறகென்ன, முழு மார்க்ஸா?"

"இல்லை. டீச்சர் வேறொண்டில பிடிச்சிட்டா. பழைய படம் ஒண்டு காட்டினனான், மருந்தடிக்கிற ஆக்களின்ர. அதை எடுத்த ஃபோட்டோகிராஃபர் எண்டு சொன்னன். பிழையாம்."

"எப்பிடிச் சொன்னனி?"

"ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர். ஒரு 'அர்' தானே கூடுது?"

துண்டு சரி. மூட்டும் சரி. நாலு துண்டில் எதை ஓங்கிச் சொல்வது என்பதில்தான் பிள்ளை விழுந்திருக்கிறாள். முதலாவதில் இருந்த அழுத்தம் ஓர் 'அர்' வந்து ஒட்டியதும் இரண்டாவதுக்குத் தாவிவிடும்: ஃபொ-ட்டொ-கிரஃபர். 'இக்' வந்தால் இன்னும் ஒன்று தள்ளித் தாவும். தமிழில் இப்படி ஓடிப்பிடித்து விளையாடும் அழுத்தம் இல்லாததால் நமக்கு அது காதிலேயே விழுவதில்லை. போன கிழமை வாக்குக் கொடுத்தபடி எழுதியிருந்தால் அந்த மார்க்ஸ் தப்பியிருக்கும். வாற கிழமை கட்டாயம்.

(தொடரும்)